விவரம் எழுதப்படவில்லை

நீலத்தை இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். பக்கத்தின் தலைப்புப் பட்டை ஆஸ்பத்திரிச் சுவரின் நீலமாகவே வந்து நிற்கிறது, நான் அப்படி நினைத்து ஒன்றும் செய்யவில்லை, மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், திரும்பவும் அதே நீலம், கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் கை எடுக்கும் போலிருக்கிறது. எதிரே சுவர், சுவரில் ஒரு கதவு, கதவில் பேச்சுப் பயிற்சி என்று பலகை, அதற்கு அந்தப் பக்கம் சுகந்தி. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் நான், மடியில் லேப்டாப், தொடை சுடுகிறது. உள்ளே வரக்கூடாது என்று பயிற்சி கொடுக்கிற பியூலா மேடம் சொல்லிவிட்டார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், இன்றைக்கு அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று பார்க்கிற நாள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள் சார் என்று. உண்மைதான். போன வாரம் ஒரு சீப்பைக் காட்டி இது என்ன என்று அவளைக் கேட்டபோது சீப்பு என்று சொன்னது நான். என் மனைவியிடம் சீப்பைக் காட்டி இது என்ன என்று ஒருத்தர் கேட்பதை என்னால் பொறுக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன், பரீட்சையில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் காட்டிக்கொடுப்பது மாதிரி. சுகந்தி என்னைப் பார்த்தாள், சீப்பைப் பார்த்தாள், 'அந்த' என்றாள். அவளிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். ஆடியில் ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள், மூளையின் இடப்பக்கம் ரத்தம் போகிற குழாய் அடைத்துவிட்டது என்றார்கள், வலது கை விழுந்தது, பேச்சு போனது, அத்தனை பேச்சும் போய் 'அந்த' மட்டும் ஏன் நின்றது என்று எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்த, வலித்தாலும் அந்த, ஜன்னலைச் சாத்தச் சொல்வதும் அந்த. எதையோ காட்டக் கிளம்பி, போய்ச் சேராமல் வழியிலேயே நின்றுவிடுகிறது.

இதில் இரண்டு வகை உண்டாம். எல்லாம் புரியும், சொல்ல மட்டும் வராது, அது ஒரு வகை. சொல்லவும் வராது, எதிரே பேசுவதும் புரியாது, வேற்று மொழி வானொலி மாதிரி வெறும் சத்தமாகக் கேட்கும், அது இன்னொரு வகை. சுகந்தி எதில் சேர்த்தி என்பதைத்தான் அந்தக் கதவுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் வகை என்றால் பயிற்சி தொடரும். இரண்டாவது என்றால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் இனி எங்களிடம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், என் அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னார்கள். அவள் உள்ளே இருக்கிறாளா இல்லையா, எனக்கு அது தெரிந்தாக வேண்டும், வேறு எதுவும் வேண்டாம், ஆனால் இப்போதே தெரிந்துவிட வேண்டுமா என்றால் அதுவும் இல்லை, முதலில் இந்த இடப்பக்கப் பட்டியலின் அகலத்தைச் சரிசெய்துவிடலாம். எழுத்து நெருங்கிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தால் பக்கம் தெளிந்துவிடும். கொடுத்தாயிற்று. தெளிந்துவிட்டது. நான் இதில் கெட்டிக்காரன், எதைக் கொடுத்தாலும் பார்க்கிற மாதிரி செய்துவிடுவேன். நீங்க பெயின்ட் அடிக்கறவருங்க, நான் செவுரு கட்டறவ என்பாள் சுகந்தி, ஆபீஸில் எல்லோர் முன்னாலும். கணினிக்குள் கணக்குப் போடுகிற நிரல் எல்லாம் அவளுடையது, அதன்மேல் திரையில் தெரிகிற பொத்தானும் நிறமும் என்னுடையது, முதலாளி அல்போன்ஸ் சார் எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேஜையில்தான் உட்காரவைத்தார், கல்யாணமும் அந்த மேஜையில்தான் முடிவானது. சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று நான் பதிலுக்குச் சொல்வேன், விட்டுக்கொடுத்த மாதிரியும் இருக்கும், கொஞ்சினாற்போலவும் இருக்கும்.

இது அவள் சுவர். சாயப்பட்டறைகளுக்கான லைப்ரரி, அதாவது மற்ற நிரலாளர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளில் பொருத்திக்கொள்ள வேண்டிய கணக்குகளின் தொகுப்பு. ஒரு துணித்துண்டின் நிறத்தைக் கொடுத்தால் எந்தச் சாயம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்லும். திருப்பூரில் நாலைந்து பட்டறைக்காரர்கள் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள், அவர்களுடைய ஆட்கள் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழில் விளக்கப் பக்கங்கள் வேண்டும், இன்று சாயங்காலம் கொடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். விளக்கத்தை யாரும் உட்கார்ந்து எழுத வேண்டியதில்லை, அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. நிரலைக் கொடுத்தால் அதுவே ஒவ்வொரு ஃபங்ஷனாக, அதாவது ஒரு வேலைக்கென்று பேர் வைத்த ஒவ்வொரு நிரல் துண்டாகப் படித்துக்கொண்டு போகும், பேரை எடுத்துத் தலைப்பாகப் போடும், உள்ளே என்ன வாங்கும் வெளியே என்ன தரும் என்பதைத் தானே கண்டுபிடித்துக் கட்டம் போடும், அதன் தலைமாட்டில் எழுதியவர் ஏதாவது குறிப்பு வைத்திருந்தால் அதை எடுத்து விவரமாக இறக்கும். குறிப்பு இல்லையென்றால் விவரம் எழுதப்படவில்லை என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். அந்த வாசகத்தைத் தமிழில் மாற்றி வைத்ததும் நான்தான், விளையாட்டாகச் செய்தேன், அவள் விழுவதற்கு முன்னால், அது இத்தனை இடத்தில் வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. காலையில் முதல் தடவை ஓட்டினேன். பக்கம் பக்கமாக வந்தது. விவரம் எழுதப்படவில்லை. விவரம் எழுதப்படவில்லை. கருவிக்கு எல்லாம் தெரிகிறது, என்ன போகிறது என்ன வருகிறது என்று, எதற்காக என்பது மட்டும் தெரியவில்லை. சுகந்தியின் காது நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, நாக்குகூட நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னபோது எனக்கு எரிச்சல் வந்தது.

அவள் குறிப்பே எழுதாதவள் இல்லை. எழுதியிருக்கிறாள், அதுவும் விழுந்து விழுந்து எழுதியிருக்கிறாள், ஆனால் எங்கே என்று பார்த்தால் சிரிப்பாக வரும். இரண்டு எண்களில் பெரியதை எடுக்கிற அற்ப ஃபங்ஷனுக்கு ஒரு பத்தி. தேதியை மாற்றி எழுதுவதற்கு ஒரு பத்தி, கீழே எனக்கு இது எப்பவும் மறந்துபோகும் என்று ஒரு வரி வேறு. நிறத்தைப் பிரிப்பது, சாயத்தைக் கூட்டுவது, துணியின் பழுப்பைக் கழிப்பது, லைப்ரரியே எதனால் லைப்ரரியோ அந்த இடங்களிலெல்லாம் ஒரு சொல் கிடையாது. ஒரு தடவை கேட்டேன், ஏன் இப்படித் தலைகீழாகப் பண்ணுகிறாய் என்று. தெரியாததுக்குத்தானுங்க எழுதி வெக்கோணும், தெரிஞ்சத எதுக்கு எழுதறது என்றாள், ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். நிரல் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கிற வியாதிதான், தன் தலைக்குள் வெளிச்சமாக இருப்பது ஊருக்கெல்லாம் வெளிச்சம் என்று நினைப்பது. ஊமை கண்ட கனவு மாதிரி என்று நினைக்கப் போனேன், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன், மனசுக்குள் ஏது நாக்கு, இருந்தாலும் கடித்துக்கொண்டேன். இனிமேல் எத்தனை பழமொழிகளை ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். உள்ளிருந்து பியூலா மேடத்தின் குரல் வருகிறது, ஒரே ராகத்தில், ஃபேனைக் காட்டுங்க, ஜன்னலைக் காட்டுங்க. பதில் சத்தம் இல்லை, கையால் காட்டுகிற பதிலுக்கு ஏது சத்தம். சிவப்பு எது காட்டுங்க. இந்தக் கேள்வி சுகந்தியிடம். கடையில் புடவையைத் தூரத்தில் பார்த்தே அதன் நிறத்துக்கான கணினி எண்ணைச் சொல்லுகிறவளிடம், துணிக்கடைப் பையனோடு இது மெரூன் இல்லீங் தம்பி என்று சண்டைக்கு நிற்கிறவளிடம். காட்டு சுகந்தி, தாயே, காட்டு. தலைப்பின் அடியில் ஒரு மெல்லிய கோடு போட்டால் எடுப்பாக இருக்கும்.

விவரம் எழுதப்படவில்லை என்கிற கட்டங்களை மறைத்துவிட ஒரே ஒரு வரி போதும். அலங்காரக் கோப்பில் அந்த வகைக் கட்டம் தெரிய வேண்டாம் என்று எழுதினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். எழுதினேன். போயிற்று. வெறுமை போய்விட்டது, பக்கம் நெருக்கமாக, அழகாக, ஒரு குறையும் இல்லாதது மாதிரி. அல்போன்ஸ் சாருக்கு இதைக் காட்டினால் சபாஷ் என்பார். அவர் வார்டுக்கு வந்தது ஞாபகம் வருகிறது, ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக, அழுக்கில்லாத வெள்ளைச் சட்டை. அவர் கட்டிலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் சுகந்தி, அவள்மேலே நாங்கள் பேசிக்கொண்டோம், மேஜைக்கு மேலே பேசுவது மாதிரி. சுகந்தி இல்லாம இது நிக்குமா நந்தகோபால் என்றார். அவளை இனி எதிர்பார்க்க வேண்டாம் சார், நான் முடித்துக் கொடுக்கிறேன் என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன், பொறுப்பான ஆள் பேசுவது மாதிரி, அவர் தோளைத் தட்டினார். சுகந்தி ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பொள்ளாச்சியிலிருந்து என் அக்கா வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, சுகந்தியின் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாள், உனக்கென்ன வயசாயிருச்சு, கொழந்தையும் இல்ல, ஒரு வருசம் பாரு சாமி, அப்பறம் நாங்க ஒரு எடம் பாக்கறோம் என்று. அக்கா கெட்டவள் இல்லை. எனக்கு அம்மா இல்லாத குறையைத் தீர்த்தவள். அவளை வெளியே போகச் சொல்லியிருக்கலாம், கத்தியிருக்கலாம், நான் சொன்னது என்னவோ அப்பறம் பாக்கலாங்க்கா என்பதுதான். பேச்சை வெட்டுவதற்காகச் சொல்வது, காப்பீடு விற்க வருகிறவனிடம் சொல்வதில்லையா, அதே மாதிரி. அதற்கு வேறு அர்த்தம் ஒன்றும் கிடையாது. அந்த வரியை அலங்காரக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கட்டங்கள் திரும்ப வந்தன, சாம்பல் நிறத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, வார்டில் கட்டில் போட்ட மாதிரி. பூசி மெழுகுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது.

மறைப்பதைவிட நிரப்பிவிடுவது நேர்மையான வேலை இல்லையா. அவள் நிரலை எனக்குப் படிக்கத் தெரியும், அவளோடு குடித்தனம் நடத்தியவன், அவள் எப்படி யோசிப்பாள் என்று தெரியாதா. காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், நிறத்துக்கும் கோட்டுக்கும் நடுநடுவே. இது துணியின் இயல்பான பழுப்பைக் கழித்துக் கொடுக்கும், எழுதினேன். இது இரண்டு சாயங்களைச் சேர்க்கும்போது ஒன்றை ஒன்று அமுக்குவதைக் கணக்கில் எடுக்கும், எழுதினேன். சில இடங்களில் நிச்சயம், சில இடங்களில் முக்கால்வாசி நிச்சயம். கருவியை ஓட்டினால் என் வரியும் அவள் வரியும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில், ஒரே கறுப்பில் வந்து இறங்குகின்றன. எது அவள் சொன்னது, எது நான் சொல்லிக்கொடுத்தது என்று படிக்கிறவனால் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு தடவையும் கருவி ஒரு எச்சரிக்கைப் பட்டியல் கொடுக்கும், இன்னின்னதற்கு விவரம் இல்லை என்று, அது தேய்ந்துகொண்டே வந்து இப்போது ஒரே ஒரு பெயரில் நிற்கிறது. மழை. லைப்ரரி முழுக்க இங்கிலீஷில் பெயர் வைத்தவள் இதற்கு மட்டும் மழை என்று வைத்திருக்கிறாள். ஒரு சாயக் கலவையையும் ஒரு எண்ணையும் வாங்குகிறது, வேறொரு கலவையைத் திருப்பித் தருகிறது. அந்த எண் என்ன? உள்ளே பெருக்குகிறாள், கழிக்கிறாள், படிக்கப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, எதற்கென்று மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது.

மழை என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்தச் சாயப்பட்டறைதான், இதற்காகவே பார்க்கப் போனோம், என் பைக்கில், போன ஐப்பசியில். தகரக் கொட்டகை, சூடான ஆவி, காலுக்கடியில் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர். சாயமாஸ்டர் அர்த்தநாரி ஒவ்வொரு தொட்டியாகக் காட்டிக்கொண்டு வந்தார். சுகந்தி தொட்டியைப் பார்க்காமல் போர்வெல் குழாயைத் திறந்து அதில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். அவர் பதறிப்போய் அது குடிக்கற தண்ணி இல்லீங்கம்மா என்றார். அப்போதுதான் மழை பிடித்தது, தகரத்தின்மேல் சரளையைக் கொட்டுகிற மாதிரி, இவள் கொட்டகைக்கு வெளியே கையை நீட்டி மழைத் தண்ணீரையும் விரலில் பிடித்து நாக்கில் வைத்தாள். குழந்தை இல்லாத வீட்டில் இவள்தான் குழந்தை என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நினைத்தேன். அவள் மாஸ்டரிடம் ஏதோ கேட்டாள், அவர் தலையை ஆட்டி ஆட்டி ஆமாங்கம்மா ஆமாங்கம்மா என்றார், இரண்டு பேரும் ரொம்ப நாள் பழகினவர்கள் மாதிரி சிரித்தார்கள். திரும்பி வரும்போது பைக்கில் பின்னாலிருந்து பூராவும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹெல்மெட்டில் மழைச் சத்தம், எதிரே லாரி விளக்கு, பள்ளம் எது ரோடு எது என்று தெரியவில்லை, ம் ம் என்று வந்தேன். அவள் கை என் தோளில் தாளம் போட்டுக்கொண்டு வந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, வலது கை. சொன்னது என்ன? அவினாசி தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம், அங்கேயும் சொன்னாள், டீ நன்றாக இருந்தது. மழை, ஈரம், துணி காய்வது. ஈரத்துணி இருண்டு தெரியும், காய்ந்தால் வெளுக்கும், அதுவாகத்தான் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்பக் கலவையை மாற்றித் தரும். எழுதினேன். வாசகம் சரளமாக இருக்கிறது, அவளே எழுதினாற்போல இருக்கிறது. ஓட்டினேன். எச்சரிக்கை ஒன்றுமில்லை என்று பச்சையில் வந்தது. எல்லாவற்றுக்கும் விவரம் எழுதியாயிற்று.

கதவு திறக்கிறது. பியூலா மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் கையிலுள்ள அட்டையைப் பார்க்கிறேன், அட்டையைப் பார்க்காமல் செருப்பைப் பார்க்கிறேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார், நின்றுகொண்டு சொல்ல முடியாத விஷயம் போல. சில கேள்விகளுக்குச் சரியாகக் காட்டினார் என்கிறார், சிலவற்றுக்கு இல்லை, பாதிக்குமேல் கண்ணை மூடிக்கொண்டார், அலுப்பா, புரியவில்லையா, விருப்பமில்லையா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்கிறார். சிவப்பு காட்டினாளா என்று கேட்கிறேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, ரெண்டு சிவப்புப் பென்சில் வெச்சிருந்தேன் சார், ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துட்டு ஒண்ணையும் எடுக்கலை என்கிறார். அவை இரண்டும் ஒரே சிவப்பாக இருந்திருக்காது மேடம் என்று சொல்ல வாய் வரை வருகிறது, பிடித்துக்கொள்கிறேன், மறுபடியும் நானே பதில் சொல்லுவதாகிவிடும். வந்து பாருங்க, நீங்க பேசாம இருந்தா சரி என்கிறார். லேப்டாப்பை மூட மறந்து திறந்தபடியே தூக்கிக்கொண்டு போகிறேன்.

சுகந்தி சக்கர நாற்காலியில் இருக்கிறாள், மடியில் வலது கை யாரோ மறந்துவிட்டுப் போனது மாதிரி கிடக்கிறது. பின்னலை நான்தான் போட்டுவிட்டேன், கோணல். பேசக்கூடாது என்பது ஒரு விதத்தில் சௌகரியமாகவே இருக்கிறது. லேப்டாப்பை அவள் முன்னால் மேஜையில் வைக்கிறேன். அவள் லைப்ரரியின் பெயர் பெரிய எழுத்தில், கீழே அந்த நீலம். முகத்தில் ஒன்றும் இல்லை. இடது கை மெதுவாக எழுந்து வருகிறது, விரல் தடவுபலகையில் படுகிறது, பக்கம் நகர்கிறது. பார்க்கிறாளா, படிக்கிறாளா, விரல் பழக்கத்தில் நகர்த்துகிறதா, பியூலா மேடமும் குனிந்து அவள் கண்ணைத்தான் பார்க்கிறார். பழுப்பைக் கழிப்பது போகிறது. சாயத்தைக் கூட்டுவது போகிறது. மழையில் விரல் நின்றது. நான் எழுதிய வரியின் மேல் அவள் கண் இடமிருந்து வலமாக ஒரு தடவை போனது, திரும்ப வந்து இன்னொரு தடவை போனது. அந்த, என்றாள். தண்ணீர் கேட்கிற அந்த இல்லை. அடித்தொண்டையிலிருந்து, கோபமாக. விரலை இழுத்து அந்த வரியை முழுக்கத் தேர்ந்தெடுத்தாள், வரி நீலமானது, அழிக்கும் விசையை அமுக்கினாள். வரி அப்படியே இருந்தது. திரும்ப அமுக்கினாள், திரும்ப, விசையை விரலால் குத்தினாள். கருவி உருவாக்கிய பக்கத்தில் எதையும் அழிக்க முடியாது, மூல நிரலில் போய்த்தான் மாற்ற வேண்டும், இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள். மூலக் கோப்பைத் திறந்து மழைக்கு மேலே என் குறிப்பின் கடைசியில் கொண்டுபோய்க் கர்சரை நிறுத்துகிறேன். அவள் விசையை அமுக்கிப் பிடிக்கிறாள். என் வாக்கியம் பின்னோக்கிக் கரைந்துகொண்டே போய், கலவை, ஈரம், காற்று, மழைக்காலம், ஒன்றுமில்லாமல் ஆகிறது. கர்சர் மட்டும் மினுக்குகிறது.

எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். விரல் எழுத்துகளுக்கு மேலே சுற்றுகிறது, இறங்குவதற்கு இடம் தெரியாமல் சுற்றுகிறது, அந்த அந்த அந்த என்கிறாள், நெற்றியில் வேர்வை. மேஜையில் அவளுக்கு வைத்த தண்ணீர் டம்ளர் இருக்கிறது. விரலை அதில் விட்டு நனைத்து நாக்கில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். என் காதுக்குள் தகரத்தின்மேல் சரளை கொட்டுகிறது. போர்வெல் தண்ணீரில் உப்பு, மழைத் தண்ணீரில் உப்பு இல்லை. ஒரு பட்டறையின் உப்புத் தண்ணீருக்குப் போட்ட கலவையை, உப்பே இல்லாத தண்ணீராக இருந்தால் எவ்வளவு என்று மாற்றித் தருவது, அந்த எண் உப்பின் அளவு, பைக்கில் வழி பூராவும் அவள் சொன்னது இதுதான். சுகந்தி, தண்ணியில இருக்கற என்று ஆரம்பிக்கிறேன். நீங்க சொல்லாதீங்க சார், என்று பியூலா மேடம் என் முழங்கையைப் பிடிக்கிறார், அவர் முகம் மலர்ந்திருக்கிறது, அவங்களுக்குப் புரியுது, எல்லாமே புரியுது, வாயில வரலை, அவ்வளவுதான், முதல்லேர்ந்தே புரிஞ்சிருக்கும் என்று சொல்லிக்கொண்டே அட்டையில் வேகவேகமாக எழுதுகிறார். இதைக் கேட்கத்தான் காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சிரிக்கப் பார்த்தேன். முதலிலிருந்தே. அப்படியென்றால் அல்போன்ஸ் சார் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்றபோது. அப்படியென்றால் அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னபோது. அக்கா பேசி முடித்த பிறகு ஃபேன் சத்தம், அப்புறம் என் குரல், அப்பறம் பாக்கலாங்க்கா. சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், விரல் இன்னும் ஈரமாக இருக்கிறது. அந்த, என்கிறாள், கோபமில்லாமல், மெதுவாக. எது என்று நான் கேட்கவில்லை.